விளக்கு வெளிச்சத்தில் கூத்துப் பிடிக்க எந்தக் கமெரா?

மூன்று வருசத்துக்கு முன் முள்ளியவளைப் பக்கம் ஒரு கோவலன் கூத்தை விடிய விடிய வீடியோ பிடித்தேன். கையில் இருந்தது தோளில் வைத்துப் பிடிக்கிற சோனி எம்சி2500, அதுவும் இரவல். கூத்து ஆடுகிற களரியைச் சுற்றி நாலு ரியூப்லைற், முன்னால் குத்துவிளக்கு. நடுச்சாமம் தாண்டியதும், அந்தக் காலத்து மாதிரி ஆடிப் பார்ப்போம் என்று ரியூப்லைற்றுகளை நிறுத்திவிட்டு விளக்குகளை மட்டும் கொளுத்தினார்கள். சனம் அப்படியே அடங்கிப் போனது. பாண்டியன் சபையில் கண்ணகி சிலம்பை உடைக்கிற இடம் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நல்ல கூத்து அது.

ஒரு கிழமை கழித்து, கூத்தைப் பழக்கின அண்ணாவியார் வீட்டு விறாந்தையில் அதை ரீவியில் போட்டேன். பத்து நிமிசம் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, சத்தம் நல்லாக் கிடக்கு. கண்ணகியின்ரை கண் எங்கை?"

கண் இருக்கவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மாவைக் குழைத்து அப்பினது போல ஒரு தட்டை. தலைமுடியும் பின்னால் இருந்த கறுத்தச் சீலையும் ஒன்றாகக் கலந்து, அதன்மேல் நீலமும் சிவப்புமாய்ப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டம் அப்படியே போய்விட்டது, திரும்ப எடுக்க முடியாது.

இப்போது அந்தக் கூத்துக் குழுவுக்கு ஒரு கமெரா வாங்கவேணும். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்திருக்கிறார்கள். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று தெரிந்தவர்களிடம் கமெராக்களை இரவல் வாங்கி, இரண்டு இரவு வீட்டு விறாந்தையில் ஐந்து திரிக் குத்துவிளக்கைக் கொளுத்தி, மருமகளை முன்னால் இருத்திப் பிடித்துப் பார்த்தேன். வன்னியில் கோயில், கூத்து, கலியாணம் என்று இரவில் வேலை செய்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் விளக்கின் கணக்கு. ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தருகிற வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லக்ஸ். ஐந்து திரி எரிந்தால் ஐந்து லக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஆடுகிறவர் இரண்டு மீற்றருக்குப் பின்வாங்கினால் அது காலில் ஒன்றாகிவிடும். ஐந்து லக்ஸில், ஷட்டர் 1/50 செக்கன், லென்ஸின் திறப்பு எஃப் 1.8 (எண் சிறிதானால் திறப்பு பெரிது) என்றால் சரியான வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ, அதாவது கமெரா வெளிச்சத்தைப் பெருக்குகிற அளவு, 8000 தேவை. அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் போட்டால் 20000. எஃப் 4 என்றால் 40000. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள்.

அடுத்தது, லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சரின் பரப்பு. முழு பிறேம் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர். ஏபிஎஸ்-சி அதில் பாதிக்கும் குறைவு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காலில் ஒன்றை ஒட்டியது. ஒரு இஞ்சி என்று சொல்லப்படும் சென்சர் உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர்தான், முழு பிறேம் அதைவிட ஏழு மடங்குக்கு மேல் பெரிது. எம்சி2500 இல் இருப்பது கால் இஞ்சி வகை. முழு பிறேமோடு வைத்துப் பார்த்தால் தொண்ணூறில் ஒரு பங்கு என்று சொல்லலாம். பெய்கிறது ஒரே மழைதான், ஆனால் வீட்டு முற்றத்து வாளியும் இரணைமடுக் குளமும் ஒரே அளவு தண்ணீர் பிடிக்காது.

எம்சி2500 ஐக் குறை சொல்ல மனம் வரவில்லை. வன்னியில் எத்தனையோ கலியாண வீடுகளை அதுதான் பதிந்து வைத்திருக்கிறது. மண்டபத்தில் நல்ல லைற் இருந்தால் இன்றைக்கும் வேலை செய்யும். ஆனால் அதன் லென்ஸ் அகலத்தில் எஃப் 1.8, சூம் பண்ணி முடிந்த இடத்தில் எஃப் 3.4. முகத்துக்குக் கிட்டப் போகப் போக, உள்ளே வருகிற வெளிச்சம் மூன்றரை மடங்கு குறைகிறது. அன்றைக்கு நான் செய்த பிழை அதுதான்: சனத்துக்குப் பின்னால் நின்று முழுசாக சூம் போட்டு, கெயினை 18 டெசிபெலுக்கு ஏற்றினேன். ஒவ்வொரு 6 டெசிபெலும் சிக்னலை இரட்டிப்பாக்கும். 18 என்றால் எட்டு மடங்கு. வெளிச்சம் எட்டு மடங்கு வரவில்லை, புள்ளிதான் எட்டு மடங்கு பெருத்தது.

இந்த வகைக் கமெராக்களுக்குப் பெட்டியில் "குறைந்தது இத்தனை லக்ஸ்" என்று அச்சடித்திருப்பார்கள். அதை வைத்து இரண்டு கமெராவை ஒப்பிடவேண்டாம். ஷட்டரை மெதுவாக்கி, கெயினை ஏற்றி, ஏதோ ஒரு உருவம் தெரிந்தால் போதும் என்ற நிலையில் எடுத்த எண் அது. கண் தெரிகிறதா என்று அதில் பார்ப்பதில்லை.

ஒரு இஞ்சிக் கமெராக்கள், அதாவது சோனியின் ஏஎக்ஸ்700, இசட்90 இரண்டும், ஒரு படி மேல். விறாந்தைச் சோதனையில் மருமகளின் முகம் முகமாகத் தெரிந்தது. ஆனால் லென்ஸ் எஃப் 2.8 இல் தொடங்கி 4.5 வரை போவதால், மேலே சொன்ன கணக்கில் ஐஎஸ்ஓ 20000க்குக் குறையாமல் கேட்கிறது. ஒரு இஞ்சிக்கு அது தாங்காது. கமெரா தானாகவே நொய்ஸை, அதாவது அந்தப் புள்ளிகளை, மழுப்பிவிடுகிறது. அந்த மழுப்பல் எங்கள் தோல் நிறத்தில்தான் முதலில் தெரியும். கறுத்த கன்னத்தில் இருக்கிற மெல்லிய ஒளி மாற்றங்களையும் நொய்ஸ் என்று எண்ணித் துடைத்துவிடும். பகலில் தேர், காவடி, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி என்றால் ஒரே லென்ஸில் 12 மடங்கு சூம் இருக்கிற இந்தக் கமெராக்களை விட வசதியானது இல்லை. ஏஎக்ஸ்700 இல் நைட்ஷொட் என்று அகச்சிவப்பு வசதியும் உண்டு. வயற்கரையில் யானை வந்ததா என்று பார்க்க அது நல்லது. நிறமே இல்லாத அந்தப் படம் கூத்துக்கு உதவாது.

கைத்தொலைபேசி பற்றி ஒரே ஒரு வார்த்தை. இரவில் அதன் போட்டோ அழகாக வருவது பல படங்களை அடுக்கி எடுப்பதால். வீடியோவில் ஒரு பிறேமுக்கு 1/25 செக்கனுக்கு மேல் நேரமே கிடையாது. அடுக்க இடமில்லை.

பனசொனிக் ஜிஎச்5எஸ் என்ற பெயரை இன்னும் பலர் சொல்கிறார்கள். 2018 இல் வந்தது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சர், ஆனால் 10.2 மெகாபிக்சல் மட்டும் வைத்து, ஒவ்வொரு பிக்சலையும் பெரிதாக்கி, இரவு வேலைக்கென்றே செய்த கமெரா. அதில்தான் இரட்டை அடிப்படை ஐஎஸ்ஓ என்றால் என்ன என்று என் கண்ணால் பார்த்தேன். சென்சருக்குள்ளே இரண்டு வெவ்வேறு மின்பாதைகள், ஒன்று 400க்கு, மற்றது 2500க்கு. 2000 இல் பிடித்தபோது மருமகளின் பின்னால் இருந்த சுவரில் புள்ளி ஊர்ந்தது. கொஞ்சம் ஏற்றி 2500 இல் வைத்ததும் சுவர் அடங்கிவிட்டது. ஐஎஸ்ஓவைக் கூட்டக் கூட்டப் படம் கெடும் என்று பழகின எங்களுக்கு இது புதுமை. பனசொனிக் இதை 2014 இல் வரிகாம் 35 என்ற பெரிய சினிமாக் கமெராவில் கொண்டுவந்தது. இப்போது எங்கள் கைக்கு எட்டுகிற கமெராக்கள் வரை இறங்கியிருக்கிறது.

ஜிஎச்5எஸ் இல் எனக்குப் பிடிக்காமல் போனது ஓட்டோ போக்கஸ். விளக்குச் சுடர் ஆட ஆட, முகத்தைப் பிடிப்பதும் விடுவதுமாக மூச்சு வாங்குவது போல இழுக்கிறது. உள்ளே நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பும் இல்லை. முக்காலியில் வைத்துக் கையால் போக்கஸ் பண்ணத் தெரிந்தவருக்கு, பழையதாக மலிவாகக் கிடைத்தால், நல்ல கமெரா. எங்கள் குழுவில் இதைப் பிடிக்கப் போவது ஏஎல் படிக்கிற இரண்டு பிள்ளைகள். களரியில் ஆட்டக்காரர் முன்னும் பின்னும் போய்வருவார். அவர்களைக் கையால் போக்கஸ் பண்ணு என்று விட எனக்குத் துணிவில்லை.

உண்மையான போட்டி இரண்டு கமெராவுக்கு இடையில்தான். சோனி ஏ7எஸ் 3, பனசொனிக் எஸ்5 மார்க் 2.

ஏ7எஸ் 3 வந்தது 2020 இல். முழு பிறேமில் 12 மெகாபிக்சல் மட்டும். பிறகு எடிற்றிங்கில் நிறம் திருத்துவதற்கென்று இருக்கிற எஸ்-லொக்3 பதிவு முறையில் வைத்தால் அதன் இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ 12800 அளவில் வருகிறது. நம்பமுடியாத எண், ஆனால் உண்மை. ஐந்து திரி விளக்கில் எஃப் 2 இலேயே முகம் நிறைந்த வெளிச்சத்தில் தெரிகிறது. இமைமயிர், மூக்குத்தியின் கல், நெற்றியில் திருநீறு காய்ந்து வெடித்த கோடு எல்லாம். விளக்கை மூன்று மீற்றர் தள்ளி வைத்தபோதும் போக்கஸ் கண்ணை விடவில்லை. இதே சென்சரோடு 2021 இல் வந்த எஃப்எக்ஸ்3 க்கு உள்ளே விசிறியும் நல்ல மைக் செருகிற கைபிடியும் உண்டு, விலைதான் தடை. 2023 இல் வந்த இசட்வி-ஈ1 கொஞ்சம் மலிவு, படமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் விசிறி இல்லை, மெமரி காட் ஒன்றுதான் போடலாம். வைகாசி வெக்கையில், இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நிற்காமல் ஓடவேண்டிய வேலைக்கு அதை நான் சொல்லமாட்டேன். கூத்தின் நடுவில் கமெரா சூடேறி நின்றுவிட்டால், கண்ணகியை நிறுத்தி வைத்து ஆறவிட முடியுமா?

எஸ்5 மார்க் 2, 2023 தொடக்கத்தில் வந்தது. முழு பிறேம், 24 மெகாபிக்சல், பனசொனிக்கின் அதே வகைப் பதிவு முறையான வி-லொக்கில் 640 உம் 4000 உம் அடிப்படை ஐஎஸ்ஓ. பனசொனிக் முதன்முதலாகக் கட்டம் (பேஸ்) பார்த்துத் தானாகப் போக்கஸ் பண்ணும் முறையை இதில்தான் வைத்தது. ஜிஎச்5எஸ் இல் இருந்த இழுபறி இதில் போய்விட்டது. விசிறி உள்ளேயே இருக்கிறது. இரண்டு காட், நடுக்கம் தாங்கும் சென்சர், பவர்பாங்கில் இருந்து கரண்ட் எடுக்கும் வசதி. குறை என்றால் 4கே இல் செக்கனுக்கு 50 பிறேம் வைத்தால் சென்சரின் நடுப்பகுதியை மட்டும் பாவிக்கும். கூத்துக்கு 25 பிறேமே போதும், அதில் முழு அகலமும் கிடைக்கும்.

12800க்கும் 4000க்கும் இடையில் ஒன்றரைப் படிக்கு மேல் (ஒரு படி என்றால் இரு மடங்கு) இருக்கிறதே, சோனிதானே வெல்லவேணும் என்று கேட்கலாம். கருவியாகப் பார்த்தால் சோனிதான் வெல்கிறது. எஸ்5 மார்க் 2 ஐ 12800 இல் வைத்தால் சீலைத் தலைப்பின் கறுப்பில் புள்ளி தெரியத் தொடங்குகிறது. ஏ7எஸ் 3 இல் அந்தக் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. ஆனால் நான் இரண்டு துண்டையும் அண்ணாவியாரிடம் கொண்டுபோனேன். பெயர் சொல்லாமல் போட்டேன். சோனியில் முழு வெளிச்சத்தில் பிடித்ததைப் பார்த்து, "இது பகல் மாதிரிக் கிடக்கு. நாங்கள் விளக்கைக் கொளுத்தினது எதுக்கு?" என்றார். பனசொனிக்கில் 4000 இல், ஒரு படி குறைய விட்டுப் பிடித்ததை ரீவிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். கண் தெரிந்தது. கன்னத்தில் ஒரு பக்கம் பொன், மறுபக்கம் இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் ஒரு மனுசியைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தெளிவு வந்தது. இருட்டைப் பகலாக்குகிற கமெரா எங்களுக்கு வேண்டாம். இருட்டை இருட்டாக விட்டு, அதற்குள் முகத்தைக் கெடாமல் வைத்திருக்கிற கமெராதான் வேணும். ஐந்து லக்ஸில், எஃப் 1.8 இல், சரியான வெளிச்சத்துக்கு 8000. ஒரு படி குறைத்தால் 4000. எஸ்5 மார்க் 2 இன் இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ சரியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. சோனியையும் அப்படிக் குறைத்துப் பிடிக்கலாம்தான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த மேலதிகத் திறமைக்குக் கொடுக்கிற காசு எங்களுக்கு லென்ஸாக வரவேணும்.

லென்ஸை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எஸ்5 மார்க் 2 ஓடு பெட்டியில் வருகிற 20-60 லென்ஸ் எஃப் 3.5 இல் தொடங்கி 5.6 இல் முடிகிறது. 5.6க்கும் 1.8க்கும் இடையில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம். அந்த லென்ஸோடு கூத்துக்குப் போனால், நல்ல சென்சருக்குக் கொடுத்த காசு முழுவதும் வீண். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 ஒன்றும் 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 ஒன்றும் வேணும். 50 களரியின் ஓரத்தில் இருந்து முழு ஆளைப் பிடிக்கும். 85 முகத்துக்கு. சூம் பழகினவர்களுக்கு இது முதலில் கை கட்டினமாதிரி இருக்கும். நடந்து கிட்டப் போய்ப் பழகவேணும். வட்டக்களரியில் சனத்தோடு சனமாக முன்வரிசையில் இருந்து பிடித்தால் ஆட்டக்காரரின் மூச்சும் கேட்கும்.

சோனி எஃப்எக்ஸ்30 பற்றியும் ஒருவர் கேட்டார். ஏபிஎஸ்-சி சென்சர், 2022 இல் வந்தது, இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ 2500. எஃப் 1.4 லென்ஸோடு பாவித்தால் எஸ்5 மார்க் 2 க்கு மிகக் கிட்ட வந்துவிடும். கையில் ஏற்கெனவே சோனி லென்ஸ் இருக்கிறவர்கள் அதைத் தாராளமாக வாங்கலாம்.

எந்தக் கமெரா என்றாலும் எங்கள் நாட்டில் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். கமெராவைப் பெட்டியில் வந்தபடி 30 பிறேம், 1/60 இல் விட்டால் ரியூப்லைற் துடிப்பது படத்தில் கோடு கோடாக ஓடும். 25 பிறேம், ஷட்டர் 1/50 என்று முதல் நாளே மாற்றிவிடுங்கள். விளக்கு மட்டும் எரிகிற நேரத்தில் அவசரம் என்றால் 1/25 வரை இறக்கலாம். இரட்டிப்பு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் ஆட்டத்தில் கை வீசும்போது கோடு இழுக்கும். தாளம் விரைவாகப் போகிற இடத்தில் அது பார்க்கக் கூடாது.

நிறமும் கவனம். எண்ணெய் விளக்கின் வெளிச்சம் 2000 கெல்வின் பக்கம். இந்தக் கமெராக்கள் 2500க்குக் கீழே இறங்குவதில்லை, ஆகவே படம் எப்படியும் கொஞ்சம் செம்மஞ்சளாகத்தான் வரும். அதை எடிற்றிங்கில் வெள்ளையாக்க இழுக்கவேண்டாம். விளக்கில் நீலம் மிகக் குறைவு. வெள்ளையாக்க இழுத்தால் அந்த இல்லாத நீலத்தைத்தான் பெருக்குகிறோம், புள்ளியெல்லாம் நீலமாக எழும்பி வரும். அன்றைக்கு எம்சி2500 இல் கண்ணகியின் தலைமுடியில் ஓடிய நீலப் புள்ளி அதுதான். தானாக நிறம் பார்க்கிற அமைப்பை நிறுத்தாமல் விட்டிருந்தேன்.

பிடித்துவிட்டுப் பிறகு வெளிச்சம் கூட்டலாம் என்று நினைப்பதும் அப்படித்தான். எட்டு பிற்றில், அதாவது நிறப் படிநிலைகள் குறைந்த பதிவில், பதிந்த இருட்டை எடிற்றிங்கில் தூக்கினால் பின்னால் இருக்கிற வானம் படிக்கட்டுப் போல உடையும். ஏ7எஸ் 3, எஸ்5 மார்க் 2 இரண்டிலும் பத்து பிற் உண்டு, அதைப் பாவியுங்கள். நொய்ஸ் எடுக்கிற மென்பொருளை நம்பியும் இருக்கவேண்டாம்; டாவின்சி ரிசொல்வ் இலவசப் பதிப்பில் அந்த வசதி இல்லை, காசு கட்டின ஸ்ரூடியோப் பதிப்பில்தான்.

கலியாணப் படப்பிடிப்பும் சேர்த்துச் செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஏ7எஸ் 3 இன் 12 மெகாபிக்சல் அல்பத்துக்குக் காணும். ஆனால் குடும்பப் படத்தில் ஒருவரை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கக் கேட்டால் இடறும். 24 இல் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் நான் ஏ7எஸ் 3 ஐ வாடகைக்காவது எடுப்பேன்: வைகாசிப் பொங்கல். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிப்பதும், பிறகு திங்கட்கிழமை இரவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் நந்திக்கடல் ஓரமாகச் சனம் நிறைவதும். அங்கே கிட்டப் போக முடியாது, போகவும் கூடாது. விளக்கும் சிறியது, தூரமும் கூட. நீட்டு லென்ஸில் எஃப் 2.8க்கு மேல் திறக்காது. 12800 இன் அருமை அங்கேதான்.

2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 தாண்டினதற்குப் பிறகு புதுக் கமெரா என்பது எங்கள் பக்கத்தில் பெரிய பேச்சு. ஆகவே குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது: பாவித்த எஸ்5 மார்க் 2 உடம்பு ஒன்று, லென்ஸ் இரண்டும் முடிந்தால் புதிது, பற்றறி மூன்று, பவர்பாங் ஒன்று. மிஞ்சினால் நல்ல மைக்.

பாவித்ததை வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. லென்ஸ் மூடியைப் போடுங்கள். ஐஎஸ்ஓ 12800, ஷட்டர் 1/25, நொய்ஸ் குறைக்கிற அமைப்பு நிறுத்தம். பதினைந்து நிமிசம் பதியவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பிறகு அந்தக் கறுப்புப் படத்தைக் கடைக்காரரின் கணினியில் முழுத்திரையில் போட்டு, லைற்றை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். எல்லாப் புள்ளியும் அசைந்துகொண்டிருந்தால் சரி. அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிற சிவப்பு, பச்சை, வெள்ளைப் புள்ளி இருந்தால், மெனுவில் பிக்சல் புதுப்பிக்கிற அமைப்பை ஓட்டிவிட்டு இன்னொருக்கால் பதியுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் அந்தக் கமெராவை வைத்துவிட்டு வாருங்கள். பகலில் தெரியாத அந்தப் புள்ளி, விளக்கு வெளிச்சத்தில் கண்ணகியின் முகத்தில் வந்து நிற்கும்.